ஆறு ஆண்மரங்கள்

இந்தோனேசியாவில் கலவரம் என்று ரேடியோ சொன்ன அன்று, கப்பியின் ரம் கடையில் இருந்த எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு, பாவம், நல்ல மனுஷன், ஏதோ ஒரு தடவை கால் இடறிவிட்டது என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். எனக்குக் கால் இடறவில்லை. பார்த்துப் பார்த்து நடந்துதான் போனேன்.

தொண்ணூற்றெட்டு, மே மாதம். உலகத்துக்கு ஜாதிக்காய் விற்கிறவர்களில் அவர்கள் பெரிய கை, நாங்கள் அடுத்த கை. அவர்கள் பக்கம் நன்றாக விளைந்தால் எங்கள் கிரெனடாத் தீவில் ஜாதிக்காய்ச் சங்கத்துக் கிட்டங்கியில் மூட்டைகள் தேங்கிக் கிடக்கும். அவர்கள் துறைமுகம் அடைத்தால் எங்கள் தகரக் கூரைகளுக்குப் புது வண்ணம் ஏறும். அன்றைக்கு ரேடியோக்காரன், ஜகார்த்தாவில் கடைத்தெருக்கள் எரிகின்றன, ஆட்கள் செத்திருக்கிறார்கள், சரக்கு கிளம்பவில்லை, ராட்டர்டாம் வியாபாரிகள் நம் பக்கம் திரும்புகிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

"அங்க எரியட்டும், இங்க வேகட்டும்!" என்று கப்பி மேஜையைத் தட்டினான்.

"செத்தவங்கள்ல ஜாதிக்காய்க்காரன் எத்தனை பேருன்னு கேட்டுச் சொல்லுய்யா" என்றேன் நான்.

கடையே விழுந்து விழுந்து சிரித்தது. டோமினோ ஆடிக்கொண்டிருந்தவன் ஒருவன் சிரிப்பில் தன் கட்டைகளையே கவிழ்த்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் சுற்று வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தும் என் தலைக்குள் விலைதான் ஓடிக்கொண்டிருந்தது. லாக்குவா மலையில் எனக்கு நான்கு ஏக்கர். அதில் ஏழு ஆண்மரங்கள். எங்கள் பயிரில் இதுதான் தலைவலி. நட்டு ஆறேழு வருஷம் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, பிள்ளை மாதிரி வளர்ப்போம். பூக்கும்போதுதான் தெரியும், காய்க்கிற பெண்மரமா, வெறுமனே பூத்துக் கொட்டுகிற ஆண்மரமா என்று. பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் இருந்தால் போதும், மிச்ச ஆணையெல்லாம் வெட்டிவிடு என்பார் விவசாய இலாகா அதிகாரி. என் ஏழில் ஆறு மலை முகட்டில், எல்லை ஓரமாக வரிசையாக நின்றன. ஒன்று கீழே ஓடைப் பக்கம் தனியாக நின்றது. முகட்டு நிலம்தான் நல்ல வெயில் படுகிற நிலம். அங்கே ஆறு சோம்பேறிகள் நிழல் விரித்து நின்றால் விலை ஏறி எனக்கென்ன லாபம்?

ஆனால் அந்த ஆறும் சும்மா நிற்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் லூஷியன் மொடெஸ்டின் நிலம். நானும் அவனும் ஒரே வருஷத்தில் கன்று நட்டவர்கள். அவன் மகள் ஷெர்மாவுக்கு நான் ஞானத்தகப்பனாக நின்றேன். அன்றிலிருந்து எனக்கு அவன் கொம்பே, அவனுக்கு நான் கொம்பே. அவன் மனைவி எர்மின் எனக்கு மக்மே. எங்கள் ஊரில் இந்த உறவு கூடப்பிறந்த உறவை விட ஒரு படி மேல். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பேயோடு போட்டால் சாமியாரே வீடு தேடி வந்துவிடுவார்.

ஷெர்மாவுக்கு ஞானஸ்நானம் ஆன அதே வருஷம்தான் எங்கள் மரங்கள் முதல்முதலாகப் பூத்தன. லூஷியன் பக்கம் நான்கு ஆண்மரம். அவன் என் முகட்டைப் பார்த்தான், தன் மரங்களைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"கொம்பே, உன்னுது ஆறும் எல்லையிலயே நிக்குது. காத்தும் பூச்சியும் என் பக்கம்தான் வருது. நான் என்னுதை வெட்டிடறேன். நீ உன்னுதை வெட்டாதே. அதுங்க நிக்கிற இடத்துக்கு வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு ஒரு மூட்டை காய் உன் வாசல்ல வந்து விழும். சம்மதமா?"

"ஓட்டோடயா, ஓட்டை உடைச்சா?"

"உடைச்சுத் தர நான் என்ன உன் பொண்டாட்டியா? ஓட்டோடதான்!"

ரம்மில் கொஞ்சம் மண்ணில் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்தோம். காகிதம் எதுவும் கிடையாது. பதினைந்து வருஷம் அந்த மூட்டை தவறவில்லை. தொண்ணூற்றாறில் லூஷியன் கோக்கோ டீ கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

எர்மின் கரியாகூ தீவுக்காரி. அங்கே ஆடும் படகும் சோளமும்தான், ஜாதிக்காய் கிடையாது. கல்யாணமாகி வந்தபிறகும் அவள் தையல் மெஷினை விட்டு மலை ஏறியதில்லை. லூஷியன் போன பிறகுதான் கூடையைத் தூக்கிக்கொண்டு விழுந்த காய் பொறுக்கப் போனாள். அந்தக் கிறிஸ்மஸுக்கு மூட்டையை ஒரு பையன் தலையில் ஏற்றிக்கொண்டு அவளே வந்தாள்.

"கொம்பே, அவன் வருஷா வருஷம் உனக்கு ஒரு மூட்டை அனுப்புவானே, அது எதுக்கு?"

"சிநேகத்துக்கு, மக்மே" என்றேன்.

அப்போது என் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. புருஷனைப் பறிகொடுத்து வருஷம் திரும்பாதவளிடம், இது மரத்துக்கு வாடகை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் லூஷியனோடு நான் பேசிய பேச்சுக்கு இருந்த ஒரே சாட்சியும் இல்லாமல் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து விலை ஏறியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். அவளுக்குத் தெரியாது.

ஜூன் மாதம் மெஷின் ரம்பம் வாடகைக்கு எடுத்தேன். இரண்டு நாளில் ஆறும் சாய்ந்தன. அந்த இடத்தில் ஒட்டுக்கன்று வைத்தேன், எல்லாம் பெண். என் மனைவி ஹில்மா சாப்பாட்டுத் தூக்கோடு மேலே வந்து, விழுந்து கிடந்ததையெல்லாம் பார்த்தாள்.

"இந்தா மனுஷா, இதையெல்லாம் சாய்ச்சுட்டா மக்மே மரத்துக்கு யாரு?"

"என் நிலம், என் மரம். காத்து இருக்கு, பூச்சி இருக்கு. தூரத்துல வேற எவனும் ஆண்மரம் வெச்சிருக்க மாட்டானா?"

"அவ்வளவு நம்பிக்கைன்னா கீழ ஓடையில நிக்கிறதை மட்டும் ஏன் விட்டே?"

ஓடையோரத்து ஆண்மரம் என் மரங்களுக்குப் போதும். இதை யோசித்துத்தான் அதை விட்டேன். அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லாமல் போனது அந்த ஒரு மரத்தால்தான்.

அந்த வருஷம் முன்பே பிடித்த காய்கள் அவளுக்கு விழுந்தன. கிறிஸ்மஸுக்கு மூட்டையும் வந்தது. நான் வாங்கி வைத்தேன். ஹில்மா அதை அடுக்களைக்குள் விடவில்லை. ஆட்டுக் கொட்டகையில் போட்டாள். சமையலுக்குக்கூட அதிலிருந்து ஒரு காய் எடுக்கவில்லை.

மறு வருஷம் எங்கள் ஊரே குதித்தது. இந்தோனேசியாவில் இன்னும் அமளி ஓயவில்லை. சங்கம் ராத்தலுக்கு விலையை மேலே மேலே ஏற்றியது. கப்பி டிவி வாங்கினான். சொத்தைக் காயைக்கூட வாங்கிக்கொள்கிறார்கள் என்று பேச்சு. எர்மின் மட்டும் அரைக் கூடையோடு மலையிலிருந்து இறங்கினாள்.

"பூக்குது கொம்பே. மரம் நிறையப் பூக்குது. ஆனா நிக்க மாட்டேங்குது. காலையில போய்ப் பாத்தா எல்லாம் தரையில கிடக்கு."

"வெயில் ஜாஸ்தி இந்த வருஷம்."

"உன் மரத்துக்கும் அதே வெயில்தானே?"

"என்னுது கீழ இருக்கு, ஈரம் நிக்குது" என்றேன். பொய் சொல்ல நான் இவ்வளவு தயாராக இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சில நாள் கழித்து விவசாய அதிகாரியின் ஜீப் மலையடிவாரத்துக்கு வந்தது. யாரோ ஒரு விதவையின் மரம் காய்க்கவில்லையாமே என்று கேட்டார். அவர் மேலே போயிருந்தால் போதும், அடிக்கட்டைகளைப் பார்த்த மறு நிமிஷமே சொல்லியிருப்பார். நான் ஜீப்பின் ஜன்னலோரம் போய் நின்றேன்.

"மேல ரோடு வழுக்குது சார். போன வாரம் ஒரு வண்டி கவுந்துச்சு. அந்தம்மா மரத்துக்கு ஒண்ணுமில்ல, கிழட்டு மரம். நான் பாத்துக்கறேன்."

"நீங்க பக்கத்து நிலமா?"

"நான் அவங்க கொம்பே சார்."

இந்த ஒரு பதிலில் அவருக்குத் திருப்தி. ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எர்மினுக்கோ அதற்குள் காரணம் கிடைத்துவிட்டது. கரியாகூவில் ஒருவன் செத்தால் புதைப்பதோடு வேலை முடியாது. என்றைக்காவது கையில் காசு சேரும்போது கல்லறைக் கல் நாட்ட வேண்டும். ஆடு அறுத்து, சொந்தபந்தங்களை அழைத்து, மேளம் அடித்து, செத்தவனுக்கென்று ஒரு தட்டில் படையல் வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். அது நடக்கிற வரைக்கும் போனவன் ஓய மாட்டான், வீட்டில் இருப்பவர்களைக் கனவில் வந்து அரிப்பான். எர்மின் லூஷியனுக்குக் கல் நாட்டவில்லை. நாட்ட முடியவில்லை. ஷெர்மாவின் படிப்பு இருந்தது.

"அவன்தான் மரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கான் கொம்பே" என்றாள் என்னிடம். "மூணு வருஷமா கல்லில்லாமப் படுத்திருக்கான். கோவம் வராதா?"

இரண்டாயிரத்தில், சேர்த்ததையெல்லாம் போட்டு விருந்து வைத்தாள். கரியாகூவிலிருந்து படகில் அவள் ஆட்கள் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். கல்லைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. ஒரு முனை என் தோளில். கல்லறைத் தோட்டத்தில் அதை இறக்கியபோது எர்மின் முழங்காலிட்டு, நான் கேட்கும்படியாகத்தான், அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். "தாமசமாயிடுச்சு லூஷியன். வேணும்னு பண்ணல. இனிமே மரத்தை விட்டுடு." அதைக் கேட்ட பிறகும் அவள் வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறி சாப்பிட்டேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். மூலையில் வெள்ளைத் துணி விரித்து லூஷியனின் தட்டு இருந்தது. அந்தப் பக்கம் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

மரம் காய்க்கவில்லை. எப்படிக் காய்க்கும்?

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார், "ஜெபமாலை பத்து சொல்லு, அது சுலபம். அதுக்கு முன்னாடி அந்த அம்மாகிட்டப் போய்ச் சொல்லு" என்றார். நான் ஜெபமாலை இருபது சொன்னேன். அடுத்த தடவையிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு பஸ் ஏறி வேறு ஊர்ப் பங்குக் கோவிலுக்குப் போனேன். அங்கே இருந்தவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

மறு வருஷம் ஷெர்மாவுக்கு டிரினிடாடில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. கடிதத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு எர்மின் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கோக்கோ டீ கொடுத்தாள், நாக்கைச் சுடுகிற சூட்டில். லூஷியன் போன நாளிலிருந்து அவள் யாருக்கும் ஆறின டீ கொடுத்ததில்லை. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"நிலத்தை வித்துடறேன் கொம்பே."

"யோசிச்சுப் பண்ணு மக்மே."

"யோசிச்சாச்சு. பிள்ளை படிக்கணும். அந்த மலை எனக்கு இனிமே காய் குடுக்காது. நீயே எடுத்துக்க. வேற யாருக்காவது குடுத்தா, சாபம் பிடிச்ச நிலத்தைத் தலையில கட்டினேன்னு ஆகும். உனக்குன்னா விஷயம் தெரியும். காய்க்காத நிலத்துக்கு என்ன விலையோ அதைக் குடு, நான் பேரம் பேசமாட்டேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் நிலம் அவளிடம் நிற்கும், வெட்டிய இடத்தில் ஓர் ஆண் ஒட்டுக்கன்று வைத்தால் சில வருஷத்தில் மரமெல்லாம் அவளுக்குக் காய்க்கும். ஷெர்மாவின் படிப்புக்கு ஞானத்தகப்பன் நானே கடன் கொடுத்திருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தோன்றாமல் இல்லை. கூடவே அவளுடைய மூன்று ஏக்கர் முகட்டு நிலமும் தோன்றியது. டீ சூடு என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன்.

பத்திரம் எழுதி முடித்த அன்று வீட்டுக்கு வந்து ஹில்மாவிடம் அதைக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தாள், முழுதாக, கையெழுத்து வரைக்கும்.

"கெட்டிக்காரன்" என்றாள். "ஆறு மரத்தை வெட்டி மூணு ஏக்கரை வாங்கிட்டே."

அதற்குப் பிறகு அவள் அந்த விஷயத்தைப் பேசவே இல்லை. வாரம் தவறாமல் எர்மின் வீட்டுக்கு கலலூக் கீரை சூப் மட்டும் கொண்டுபோனாள். திரும்பி வரும்போது என்னைப் பார்க்க மாட்டாள்.

முகட்டில் நான் வைத்த ஒட்டுக்கன்றுகளில் பாதியை ஆடு தின்றிருந்தது. வெட்டிய அடிக்கட்டைகள் மட்டும் வருஷா வருஷம் துளிர்விட்டுக்கொண்டே இருந்தன. நான்தான் வெட்டுக்கத்தியால் சீவிச் சீவி விடுவேன். நிலம் என் பெயருக்கு வந்த பிறகு சீவுவதை நிறுத்தினேன். இரண்டு கட்டைகள் மளமளவென்று எழுந்தன. மூன்றாம் வருஷம் பூத்தன. இரண்டாயிரத்து நாலு பிறந்தபோது லூஷியனின் மரங்களில் கிளை தாங்காத காய். மஞ்சள் காய் வெடித்து, உள்ளே சிவப்பு ஜாதிபத்திரி தெரிய, மலை முழுக்கக் கிடந்தது.

எர்மின் அதைப் பார்க்க வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் புருஷன் கன்று நட்ட நிலத்தை யாரோ அந்நியப் பெண் மாதிரி எல்லையில் நின்று பார்த்தாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"உனக்குக் காய்க்குது கொம்பே."

"ஏதோ, இந்த வருஷம்..."

"இல்ல, இல்ல. எனக்குச் சந்தோஷம்தான். உனக்காவது குடுக்கறானே." ஒரு காயைப் பொறுக்கி, பத்திரியை விரலால் தடவினாள். "அப்ப அவனுக்கு உன் மேல ஒண்ணுமில்ல. மலை மேலயும் ஒண்ணுமில்ல. என் மேல மட்டும்தான்."

காயைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். மெதுவாகப் போனாள். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் காயைப் பொறுக்கினேன். அன்று எட்டு மூட்டை.

செப்டம்பரில் ஐவன் புயல் வந்தது. எங்களுக்குப் புயலே வராது என்று சொல்லிக்கொண்டிருந்த தலைமுறை நாங்கள். ஒரு பிற்பகலில் எங்கள் கூரை பறந்தது. நானும் ஹில்மாவும் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். மறுநாள் வெளியே வந்து பார்த்தால் லாக்குவா மலை பச்சையாக இல்லை. தீப்பிடித்து எரிந்த மலை போலப் பழுப்பாக நின்றது. மரங்கள் எல்லாம் வேரோடு படுத்துக் கிடந்தன. என் மரம், லூஷியனின் மரம், ஓடையோரத்து ஆண்மரம், எல்லாம். எது யாருடைய மரம், எது ஆண், எது பெண் என்று இனி எந்த அதிகாரி வந்தாலும் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காலை எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஒரு நிம்மதி. அப்பாடா, அடிக்கட்டையும் போயிற்று என்று ஒரு நிம்மதி. நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குச் சரியாகத் தெரிந்தது அப்போதுதான்.

மூன்றாம் வாரம், நிவாரண அரிசி வாங்குகிற வரிசையில் யாரோ ரேடியோ வைத்திருந்தான். கிரெனடாவில் மரம் இல்லாததால் உலகச் சந்தையில் ஜாதிக்காய் விலை ஏறுகிறது என்றது. யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு இந்தோனேசியக் கடையில் ஒருவன் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்திருப்பான். கொடுக்கட்டும். அந்த வரிசையில்தான் எர்மின் என் முழங்கையைத் தொட்டாள்.

"கொம்பே, ஒரு கை குடுக்கறியா? லூஷியன் கல்லு விழுந்துடுச்சு."

போனோம். கோவிலுக்குக் கூரை இல்லை. கல்லறைத் தோட்டம் முழுக்கத் தகரமும் கிளையும். லூஷியனின் கல் குப்புற விழுந்து, பெயர் மண்ணுக்குள் கிடந்தது. ஈரத்தில் முனையைப் பிடித்துப் புரட்டினோம். அவளுக்கு அறுபது வயது, எனக்கு அறுபத்துநாலு. பாதி தூக்கி, ஒரு தடியை முட்டுக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தோம்.

"பாரு, கல்லையே தூக்கி எறிஞ்சுட்டான்" என்றாள் எர்மின். "எட்டு வருஷமாச்சு, இன்னும் ஆறல அவனுக்கு."

"புயல், மக்மே. கோவில் கூரையே போயிடுச்சு."

"பக்கத்துல செலஸ்டின் கல்லு நிக்குதே? அவ அப்பன் கல்லும் நிக்குதே? இவன் கல்லு மட்டும் ஏன் விழுந்துச்சு?" கையில் ஒட்டிய மண்ணை உருட்டிக்கொண்டே பேசினாள். "மறுபடியும் விருந்து வைக்கணும். ஆடு ரெண்டு தப்பிச்சிருக்கு. மிச்சத்துக்கு ஷெர்மாகிட்டக் கேக்கறேன். செய்றதுக்கு நான் தயார்தான். என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் கொம்பே. அன்னிக்கு அவன் கோக்கோ டீ கேட்டான். நான் பாவாடைக்கு விளிம்பு அடிச்சுக்கிட்டு இருந்தேன், ரெண்டு தையல்தான் பாக்கின்னு முடிச்சுட்டு எடுத்துட்டுப் போனேன். ஆறிப் போயிருந்துச்சு. அதை வாயில வைக்காமலே போயிட்டான். அதுவா இருக்குமோ? ஒரு டீக்காக இவ்வளவு கோவம் இருக்குமா ஒருத்தனுக்கு?"

அப்போதுதான் சொன்னேன். திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகு, மலை மொட்டையான பிறகு, சொல்ல எந்தத் துணிச்சலும் தேவைப்படாத நேரத்தில் சொன்னேன். ஆண்மரம் ஆறு. லூஷியனோடு பேசின பேச்சு. வருஷம் ஒரு மூட்டை எதற்கு என்பது. ரம்பம். ஓடையில் எனக்கென்று விட்ட ஒன்று. ஜீப். எதையும் விடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். காறித் துப்புவாள், ஊரைக் கூட்டுவாள், கையில் இருக்கிற மண்ணை வாரி என் முகத்தில் அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப..." என்றாள். குரல் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி வந்தது. "அப்ப லூஷியனுக்கு என் மேல கோவம் இல்லையா?"

"இல்ல."

"டீ ஆறிப் போனதுக்கும் இல்லையா?"

"இல்ல மக்மே. மரத்துக்கு ஆண்துணை இல்ல. அவ்வளவுதான்."

எர்மின் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். சாய்ந்து நின்ற அந்தக் கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, ஈர மண் ஒட்டிய எழுத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அது அழுகையாயிற்று. "கேட்டியா?" என்றாள் அவனிடம். "கேட்டியா இவன் சொல்றதை? எத்தனை தடவை உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். நான் உன் மேல கோவமா இல்லடீன்னு கனவுல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ? நான் பாட்டுக்கு உன்னைக் கெட்டவன்னு நினைச்சுட்டேனே. ஐயோ, நல்ல மனுஷனைப் போய் இப்படி நினைச்சுட்டேனே."

நான் அங்கே இல்லாத மாதிரிதான் பேசினாள். அவள் சிரித்த அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நிலத்தையும் காயையும் மட்டுமா எடுத்தேன்? செத்துப்போன ஒருவனின் அன்பை ஆறு வருஷம் அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன்.

"நிலத்தைத் திருப்பி உன் பேருக்கே எழுதித் தர்றேன், மக்மே" என்றேன். எனக்கே கேவலமாகக் கேட்டது.

அவள் பாவாடை ஓரத்தால் முகத்தைத் துடைத்தாள். தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"மரத்தை வெட்டின வருஷமும் கிறிஸ்மஸுக்கு மூட்டை அனுப்பினேன்."

"ஆமா."

"வாங்கிக்கிட்டே."

"வாங்கிக்கிட்டேன்."

தலையை மட்டும் ஆட்டினாள். எழுந்து கல்லின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"மிஸ்டர் ஹோஸ்டன், அந்த முனையைப் பிடிங்க. கொஞ்சம் இடப்பக்கம்."

இருபத்துமூன்று வருஷமாக நான் அவளுக்குக் கொம்பே. அதற்கு முன்னால்கூட அன்செல்ம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பிடித்தேன். இருவருமாகத் தூக்கினோம். கல் குழிக்குள் இறங்கியது. அவள் காலால் மண்ணைத் தள்ளி மிதித்தாள், பின்னால் போய் நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்தாள், விரலால் அவன் பெயருக்குள் இருந்த மண்ணை ஒவ்வொரு எழுத்தாக நோண்டி எடுத்தாள்.

"போதும்" என்றாள் திரும்பாமலே. "நீங்க போலாம். நான் கொஞ்ச நேரம் இவனோட இருக்கேன்."